மூச்சு அடங்கிய பிறகு

இரவு இரண்டே முக்கால். ஸ்ட்ரெச்சரில் படுக்கமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே வந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. முகம் ஊதியிருக்கிறது. காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. இடது முன்கையில் ஃபிஸ்டுலா. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்துத் தைத்த அந்த இடத்தில் விரலை வைத்தால் தோலுக்குக் கீழே ஒரு ரீங்காரம் ஓடும், தேனீயைத் துணியில் முடிந்து வைத்ததுபோல. அதற்கு எங்கள் பேச்சில் 'த்ரில்' என்று பெயர். அது ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அந்தக் கையில் ஊசி போடக்கூடாது, பிபி பார்க்கக்கூடாது.

ஆக்ஸிஜன். இசிஜி. ரத்தப் பரிசோதனை. இசிஜி தாளில் டி அலை கூடாரம்போல நிமிர்ந்து நிற்கிறது, பொட்டாசியம் ஏறிவிட்டது. கால்சியம் குளுக்கோனேட் மெதுவாக ஏற்றினோம், பிறகு டெக்ஸ்ட்ரோஸோடு இன்சுலின், பக்கத்தில் நெபுலைசர். டயாலிசிஸ் டெக்னீஷியனுக்குப் போன் போட்டாயிற்று. வந்து மெஷினைத் தயார்செய்ய ஐந்தரை ஆகும் என்றார்.

"ஏண்ணே, ரெண்டு தடவை டயாலிசிஸுக்குப் போகலியா?"

"பஸ் கிடைக்கல சிஸ்டர்."

கேஸ் ஷீட்டில் எழுதினேன்: இரண்டு டயாலிசிஸ் தவறியிருக்கிறது, பஸ் கிடைக்கவில்லை. இரண்டு மாதத்தில் இது மூன்றாம் தடவை. முந்தைய இரண்டு தடவையும் அவர் இதையேதான் சொன்னார். நானும் இதையேதான் எழுதினேன்.

*

கேஷுவால்டியில் கேள்விகள் எல்லாம் உடம்பைப் பற்றியவை. எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், என்ன மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்காது. வந்தவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறோம். அந்தப் பிரிவினைக்கு மூச்சும் நாடியும் ரத்த அழுத்தமும் நினைவும்தான் கணக்கு. அப்படித்தான் இருக்க வேண்டும். உயிர் போகிற நேரத்தில் வேறெதையும் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

ஆனால் இங்கே வருகிறவர்களில் ஒரு கூட்டம் உண்டு. வீசிங், சுகர், கிட்னி, இருதயம், வலிப்பு. மாதம் ஒருமுறை, சிலர் வாரம் ஒருமுறை. வாட்ச்மேனுக்கு அவர்களைத் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும். 'அடிக்கடி வர்ற கேஸ்' என்போம். அந்தச் சொல்லில் வெறுப்பு இருப்பதாக நான் நினைத்ததில்லை, களைப்புதான். களைப்பும் காதை அடைக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

*

அந்த மஞ்சப்பை.

எழுபதைத் தாண்டிய பாட்டி. ஒரு மாரடைப்பில் பிழைத்தவர், இருதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு வந்திருந்தார். "மாத்திரை எல்லாம் தவறாம சாப்பிடுறாங்க சிஸ்டர்" என்றார் மகன். காட்டச் சொன்னேன். துணிக்கடைப் பெயர் அச்சடித்த பழைய மஞ்சப்பை. உள்ளே மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்டு சுற்றி. ரப்பர் உருகி அட்டையோடு ஒட்டியிருந்தது, பிரித்தால் அறுந்தது. ஒரு குமிழ்கூட உடைபடவில்லை. எண்ணிப் பார்த்தேன், இரண்டு மாத மாத்திரை.

"ஏன் பாட்டி இப்படிப் பண்றீங்க? புள்ள அலைஞ்சு திரிஞ்சு வாங்கிட்டு வர்றாருல்ல?" என்று அதட்டினேன். உரிமையோடு அதட்டுவதாகத்தான் எனக்கு நினைப்பு.

பாட்டி என்னைப் பார்த்தார். "போட்டு என்ன தாயி ஆகப் போகுது" என்றார்.

அது என் காதில் பதிலாக விழவில்லை. வயசானவர்கள் சொல்கிற பேச்சு என்று விட்டுவிட்டேன். லேசிக்ஸ் போட்டோம், நீர் இறங்கியது, வார்டுக்குப் போனார், நான்காம் நாள் வீட்டுக்குப் போனார். ஹேண்டோவரில் 'மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை' என்று எழுதிவைத்தேன். ஆறு வாரம் கழித்து 108இல் கொண்டுவந்தபோது நாங்கள் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அன்றும் மகன் கையில் அந்தப் பை இருந்தது. நான் திறந்து பார்க்கவில்லை.

கனடாவின் மான்ட்ரியலில் நான்சி ஃப்ரேசர்-ஸ்மித் என்பவரும் உடனிருந்தவர்களும் மாரடைப்பு வந்த 222 பேரைத் தொடர்ந்து பார்த்து 1993இல் எழுதியதைப் பின்னால் ஒரு பயிற்சியில் கேட்டேன். மனச்சோர்வில் இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறப்பது அதிகம் என்று கண்டிருந்தார்கள். பயிற்சிக்கு வந்த டாக்டர் அதைச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். உடையாத குமிழ்கள்.

*

மனச்சோர்வை அறியக் கேள்விகள் இரண்டுதான். பி.எச்.க்யூ-2 என்று பெயர், 2003இல் வந்தது. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல், சந்தோஷமில்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாளுக்கு மேல் என்றால் 2, அநேகமாகத் தினமும் என்றால் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலே விசாரிக்க வேண்டும். ஒன்பது கேள்விகள் கொண்ட பெரிய படிவம் அதற்கும் முன்பே, 2001இல் வந்தது. அதில் ஒன்பதாவது, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைத்தானே வருத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்பது.

இரண்டு கேள்வியையும் ஒரு ஓபி சீட்டின் பின்பக்கம் எழுதி யூனிஃபார்ம் பையில் வைத்துக்கொண்டேன். படிவத்தில் இருந்தபடி வாசித்தபோது ஒருவருக்கும் விளங்கவில்லை. "நாட்டமா? அப்படின்னா?" என்றார் ஒரு பெரியவர், வானிலையைக் கேட்கிற மாதிரி. அடித்து அடித்துத் திருத்தினேன். இப்போது இப்படிக் கேட்கிறேன்: "முன்னெல்லாம் ஆசையா செய்வீங்கள்ல, டீவி பாக்குறது, பேரப்புள்ளையக் கொஞ்சுறது, ஆடு மாடு பாக்குறது, அதெல்லாம் இப்ப எப்படி இருக்கு?" பிறகு, "மனசு விட்டுப்போன மாதிரி இருக்கா?"

விட்டுப்போச்சு. இந்தச் சொல்லை நான் கண்டுபிடிக்கவில்லை, அவர்கள் கொடுத்தது. கை கால் விட்டுப்போச்சு, மனசு விட்டுப்போச்சு. மனச்சோர்வு என்ற சொல்லை இந்தப் பக்கத்தில் ஒருவர் வாயிலும் கேட்டதில்லை. நெஞ்சுல பாரம், தலை கனம், உடம்பெல்லாம் எரியுது, தூக்கம் புடிக்கல, ஒண்ணும் புடிக்கல. உடம்பைச் சொல்லித்தான் மனசைச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தால் உடம்பைத்தானே சொல்ல வேண்டும் என்ற மரியாதையும் அதில் இருக்கிறது.

*

இதில் ஒரு சிக்கல் உண்டு. கிட்னி பழுதானவருக்குப் பசி இருக்காது, தூக்கம் கெடும், உடம்பு அசதியாக இருக்கும். சுகர் ஏறி இறங்குகிறவருக்கும் அப்படியே. பெரிய படிவத்தில் இவையெல்லாம் மதிப்பெண் வாங்கும். நோயின் அசதியா, மனசின் அசதியா? டாக்டர்களே தடுமாறுகிற இடம் இது. அதனால்தான் எனக்கு அந்த முதல் இரண்டு கேள்வி பிடித்திருக்கிறது. அவை பசியையும் தூக்கத்தையும் கேட்பதில்லை.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களில் நாலில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட மனச்சோர்வு இருக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அந்த வாழ்க்கையைக் கொஞ்சம் யோசித்தால் எண்ணிக்கை ஆச்சரியம் தராது. ஒரு வாரத்தில் 168 மணி நேரம். நல்ல கிட்னி 168 மணி நேரமும் வேலை செய்கிறது. மெஷின் செய்வது நாலு மணி நேரம், வாரம் மூன்று தடவை கிடைத்தால் 12, இரண்டு தடவைதான் என்றால் 8. மிச்ச நேரமெல்லாம் உடம்புக்குள் உப்பும் நீரும் ஏறிக்கொண்டே இருக்கும். தண்ணீருக்கு அளவு, குழம்புக்கு அளவு, பழத்துக்குத் தடை. தென்மாவட்டத்துச் சித்திரை வெயிலில் நாக்கை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருவரைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. காப்பீட்டில் டயாலிசிஸ் இலவசம். ஆனால் போகிற நாள் கூலி போகிறது, திரும்பி வந்த பின் மறுநாள் வரைக்கும் எழுந்திருக்க முடியாது, கூட வருகிற மனைவிக்கும் வேலை கிடையாது. 'பாரம்' என்ற சொல் அங்கேதான் முளைக்கிறது. 'யாருக்கும் பாரமா இருக்கக்கூடாது' என்று ஒருவர் சொன்னால் இப்போதெல்லாம் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.

*

பக்கத்தில் நிற்கிறவர்கள். இதுதான் நம் ஊரில் பெரிய தடை, அன்பான தடை. கேள்வி அப்பாவுக்கு, பதில் மகனிடமிருந்து வரும். "எங்கப்பா தைரியசாலி சிஸ்டர், அதெல்லாம் ஒண்ணுமில்ல." மகன் அப்படிச் சொன்ன பிறகு எந்த அப்பா வாய் திறப்பார்?

வெளியே போங்கள் என்று சொன்னால் பயந்துவிடுவார்கள். அதனால் ஏதாவது வேலை கொடுத்து அனுப்புவேன். ரத்த ரிப்போர்ட் வந்துவிட்டதா பாருங்கள், ஃப்ளாஸ்கில் வெந்நீர் வாங்கி வாருங்கள். அவர் போய்த் திரும்புகிற பத்து நிமிஷம். திரைச்சீலையை இழுத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவேன். உட்காருவது முக்கியம். நின்றுகொண்டே கேட்டால் நின்றுகொண்டே கேட்கிற பதில்தான் வரும்.

*

சாவைப் பற்றிக் கேட்க எனக்குப் பல வருடம் பயம் இருந்தது. இல்லாத நினைப்பை நாமே விதைத்துவிடுவோமோ என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை என்பது ஆராய்ந்து பார்த்த விஷயம். அமெரிக்காவின் டல்லஸில் உள்ள பார்க்லேண்ட் ஆஸ்பத்திரியில் 2015 முதல், எதற்காக வந்தாலும், வருகிறவர்களிடம் இதைக் கேட்கிறார்கள். காய்ச்சலுக்கு வந்தவரிடமும்தான். எல்லாரிடமும் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கேட்டால் ஒருவரை மட்டும் பிரித்து நிறுத்திய மாதிரி இருப்பதில்லை. அதை நான் எடுத்துக்கொண்டேன். "நாள்பட்ட நோய் இருக்குறவங்க எல்லாருகிட்டயும் கேக்குறதுதான்ணே" என்று ஆரம்பிப்பேன்.

இன்னொரு பயம் போலீஸ். ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் என்ட்ரி, புறக்காவல் நிலையம், கையெழுத்து. வாய் திறந்தால் கேஸாகிவிடும் என்று நோயாளியும் பயப்படுகிறார், நர்சும் பயப்படுகிறார். மனசில் தோன்றியதைச் சொல்வது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை. தற்கொலைக்கு முயன்றவரைக்கூட, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. சட்டம் மாறிவிட்டது, பயம் இன்னும் பழைய சட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்லிப் புரியவைக்க இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷத்தை நாம் கொடுப்பதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் நாடு முழுக்கத் தற்கொலையில் இறந்தவர்கள் 1,70,924. அதில் நோயைக் காரணமாகக் காட்டியது 18.4 சதவீதம், குடும்பப் பிரச்சினைக்கு அடுத்த இடம். நோய் என்றால் ஆஸ்பத்திரி. அவர்களில் எத்தனையோ பேர் எங்கள் மாதிரி ஒரு வாசலைத் தாண்டி உள்ளே வந்து, டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு, வெளியே போயிருப்பார்கள்.

*

கேட்டுவிட்டால் மட்டும் போதாது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. அமெரிக்காவில் எட்டு அவசரப் பிரிவுகளில் தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்த 1,376 பேரைத் தொடர்ந்து பார்த்து 2017இல் எழுதினார்கள். எல்லாரிடமும் கேட்பது என்று ஆரம்பித்த கட்டத்தில் பெரிய மாற்றம் இல்லை. அதோடு, போகுமுன் ஒரு பாதுகாப்புத் திட்டம் கொடுத்து, வீட்டுக்குப் போன பின் ஒரு வருடம்வரை போன் செய்து விசாரித்த கட்டத்தில்தான், மீண்டும் முயன்றவர்கள் நூற்றுக்கு 23 பேரிலிருந்து 18 ஆகக் குறைந்தார்கள்.

என் மனசுக்கு நெருக்கமானது இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் செய்தது. அந்த ஐந்தில் சென்னை ஒன்று, கொழும்பு ஒன்று. சென்னையில் அதைச் செய்தவர்களில் ஒருவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார், 1986இல் 'ஸ்நேகா'வைத் தொடங்கியவர். தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு சேர்த்து, வெளியே போகிற சமயத்தில் தனியாக உட்கார்ந்து ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ 'எப்படி இருக்கீங்க' என்று கேட்பது. 2008இல் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் தற்கொலையில் இறந்தவர்கள் 2.2 சதவீதம். பேசித் தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் 0.2.

மருந்தில்லை, மெஷினில்லை. ஒரு மணி நேரமும் ஒன்பது விசாரிப்பும். அது முயன்று பிழைத்தவர்களுக்கானது, என் நோயாளிகளில் பெரும்பாலோர் அந்த இடத்துக்குப் போகாதவர்கள், தெரியும். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஒரு வாசலைக் காட்டியது.

*

எந்த நேரத்தில் கேட்பது? படிவத்தை அச்சடிக்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. வந்ததும் கேட்க முடியாது. மூச்சு முட்டுகிறவருக்கு வேறெந்த எண்ணமும் இல்லை, அப்போது எல்லாருக்குமே உயிர் வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டு கையில் கொடுக்கும்போது கேட்டாலும் பயனில்லை. மனசு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கும். இடையில் ஒரு நேரம் இருக்கிறது. மூச்சு அடங்கி, ஆக்ஸிஜன் அளவு ஏறி, மானிட்டர் சத்தம் சீராகிவிட்ட பிறகு, அடுத்தது நடக்கும்வரை காத்திருக்கிற நேரம். அழுத குழந்தையின் முகம்போல முகம் தளர்ந்திருக்கும். நாங்கள் அந்த நேரத்தில் ரிஜிஸ்டர் எழுதுவோம், மருந்துப் பெட்டி நிரப்புவோம், அடுத்த ஸ்ட்ரெச்சருக்கு ஓடுவோம். பல இரவுகளில் ஓடத்தான் வேண்டியிருக்கிறது. ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு பேர் இருக்கிற இடத்தில் எல்லாரிடமும் உட்கார்ந்து பேசு என்று யாரிடமும் நான் சொல்லமாட்டேன். அந்த ஆள்கணக்கைச் சரிசெய்யாமல் படிவத்தை மட்டும் கொடுப்பது எங்களுக்கும் நோயாளிக்கும் செய்கிற அநியாயம்.

கேட்ட பிறகு எங்கே அனுப்புவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு மனநலப் பிரிவு காலையில்தான். இரவில் ஆபத்தாகத் தெரிந்தால் டியூட்டி டாக்டரிடம் சொல்லி, போகவிடாமல் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஆள் இருக்கப் பார்த்துக்கொள்வோம். மற்றவர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டத்து ஆலோசகர், போனில் பேச 104, டெலி மானஸின் 14416. எண்ணை வாயால் சொன்னால் மறந்துபோகும். மாத்திரைக் கவரின் மேலேயே பெரிதாக எழுதிக்கொடுக்கிறேன்.

*

நாலேகால். அவருக்கு மூச்சு அடங்கிவிட்டது. மனைவியை டீ வாங்கி வர அனுப்பினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். ஃபிஸ்டுலாவை மறுபடி பார்க்கிற சாக்கில் கையைப் பிடித்துக்கொண்டேன். ரீங்காரம் விரலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"நாள்பட்ட நோய் இருக்குறவங்க எல்லாருகிட்டயும் கேக்குறதுதான்ணே. முன்னெல்லாம் ஆசையா என்ன செய்வீங்க?"

யோசித்தார். "சேவக்கட்டு. சேவல் வளத்தேன் சிஸ்டர். வித்துட்டேன்."

"எப்ப?"

"தீவாளிக்கு முன்னாடி."

முதல் தடவை அவர் இங்கே வந்தது தீபாவளி கழிந்து இரண்டாம் வாரம். நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். மனசு விட்டுப்போன மாதிரி இருக்கிறதா என்று இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். அவர் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பஸ் வந்துச்சு சிஸ்டர். ரெண்டு நாளும் வந்துச்சு. ஸ்டாப்புல உக்காந்துதான் இருந்தேன். ஏறல."

சாவைப் பற்றிய மூன்றாவது கேள்வியையும் கேட்டேன். பதில் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். டியூட்டி டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், அவர் சம்மதத்தோடு, மனைவி வந்ததும் மனைவியிடமும். இரண்டு பேரும் ஒரே டம்ளரில் டீயைப் பாதிப் பாதியாகக் குடித்தார்கள், அவருடைய தண்ணீர்க் கணக்குக்காக. ஐந்தரைக்கு டெக்னீஷியன் மெஷினைத் தயார்செய்துவிட்டார். டயாலிசிஸ் முடிந்து ஒன்பதரை மணிக்கு மனநலப் பிரிவுக்குப் போவதாக ஏற்பாடு. எனக்கு எட்டு மணிக்கு டியூட்டி முடிகிறது, இருந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஹேண்டோவருக்கு முன்னால் கேஸ் ஷீட்டை எடுத்தேன். 'பஸ் கிடைக்கவில்லை' என்பதன் மேல் ஒரு கோடு மட்டும் போட்டேன், கீழே இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி. பக்கத்தில் எழுதினேன்: பஸ் வந்தது, ஏறவில்லை. நேரம் 4.30. கையெழுத்து.